உரிமை கோரியவள்

முர்ஷித் பேனாவை வாங்கவில்லை. சுகாதாரப் பரிசோதகர் சரீப் அதைக் கேட்டுக்கு மேலால் நீட்டியபடியே நின்றார். மழை அவருடைய குடையின் ஓரத்தால் வடிந்து, பொலித்தீன் உறைக்குள் இருந்த படிவத்தின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

"மகன், நான் ஒண்டையும் ஒளிச்சிக் கதைக்கல்ல," என்றார் அவர். மருதமுனைக்காரர். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. "நீங்க சைன் வெச்சாலும் வெக்காட்டியும் ரெண்டு மணிக்குக் கொண்டு போயிருவாங்க. கொரோனாவில மௌத்தானா எரிக்கிறதான் இப்ப சட்டம்."

"அப்ப எங்கட சைன் என்னத்துக்கு சேர்?"

"வெச்சா குடும்பம் பொறுப்பெடுத்த ஜனாஸா. ஆஸ்பத்திரி வாசல்ல வெச்சி நாலு பேர் தொழுறதுக்கு விடுறம் எண்டிருக்காங்க. டொக்டர்மாரோட கதைச்சி எனக்கு எடுக்க ஏலுமானது அவ்வளவுதான். வெக்காட்டி, உரிமை கோராத உடல் எண்டு எழுதி நேரா லொறியில ஏத்துவாங்க."

அவனுடைய தங்கை றிஸ்னா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏழாம் மாதம். நின்றால் இடுப்பு வலித்தது, இருந்தால் மூச்சு முட்டியது. கதவுக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் வந்தது. காலையிலிருந்து உம்மா சத்தமாகப் பேசுவது இதுதான் முதல் தடவை.

"அவர நெருப்புல போடுங்க எண்டு நாங்க எழுதிக் குடுக்கிறதா? அந்தக் கடதாசில நீ கை வெச்சா நீ கொளுத்தின மாதிரித்தான் தம்பி. மறுமையில அவர்ர முகத்த எப்பிடிப் பாக்கிற?"

முர்ஷித் திரும்பிப் பார்க்கவில்லை. "உம்மா சொன்னது கேட்டதானே சேர்," என்றான்.

சரீப் பேனாவைச் சட்டைப் பையில் போட்டார். "அடுத்த ஒழுங்கையிலயும் ஒரு வீட்டுக்குப் போகணும். பன்னெண்டுக்குள்ள திரும்பி வருவன். யோசிங்க."

அவர்களுடைய வாப்பா ஜவுபரை சாய்ந்தமருதிலிருந்து ஒலுவில் துறைமுகம் வரைக்கும் இஞ்சின் பாஸ் என்றால்தான் தெரியும். படகின் வெளியிணைப்பு இயந்திரம் எந்தக் கடலில் நின்றுபோனாலும் கரைக்கு இழுத்து வந்ததும் முதலில் அவருக்குத்தான் தொலைபேசி எடுப்பார்கள். ஒன்பது நாளைக்கு முன்னர் அம்புலன்ஸ் வந்தபோது அவரே சாரனைச் சரிசெய்துகொண்டு நடந்து போய் ஏறினார். ஏறும்போது, பின்னறையில் கிடக்கிற இஞ்சினை எவரிடமும் கொடுக்க வேண்டாம், மூன்று நாளில் வந்து தானே முடிப்பதாகச் சொன்னார். அன்று மாலையே கேட்டில் தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டி வீட்டை மூடிவிட்டார்கள். இன்று விடியற்காலை சுபஹுக்குப் பாங்கு சொல்லி முடிந்த கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது.

அழைப்பை எடுத்தது முர்ஷித். உம்மா அவனுடைய முகத்தைப் பார்த்தாள், எழும்பினாள், அலுமாரியைத் திறந்தாள். ஆறு வருசத்துக்கு முன் உம்றாவுக்குப் போனபோது இருவருக்குமாக வாங்கி, ஸம்ஸம் தண்ணீரில் நனைத்து உலர்த்திக் கொண்டுவந்த, உடலைச் சுற்றி அடக்குவதற்கான கபன் துணி இரண்டு உறைகளில் இருந்தது. அவருடைய உறையை எடுத்துக் கட்டிலில் விரித்தாள். மூன்று துண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரு சுருக்கமில்லாமல் நீவி விரித்துவிட்டு, பக்கத்தில் அமர்ந்து கொண்டாள். அந்தத் துணி இன்னும் அப்படியே கிடந்தது.

சரீப் போன பிறகு முர்ஷித் கிணற்றடிக்குப் போய்த் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தான். பள்ளி நிர்வாகம், ஒரு சட்டத்தரணி, கொழும்பில் இருக்கிற கூட்டாளி ஒருவன். ஒவ்வொரு அழைப்பும் முந்தியதை விடக் குறுகியதாக முடிந்தது. கத்தாரிலிருந்து றிம்சான் எடுத்தான். றிஸ்னாவால் தன் கணவனோடு பேச முடியவில்லை. "மறுகா எடுங்க," என்று மட்டும் சொல்லி வைத்தாள். அவனாலும் வர முடியாது. விமானமில்லை.

பதினொன்றரை மணியளவில் கேட்டில் தகரம் தட்டும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு சுபைறா ராத்தா பாணும் பருப்புக் கறியும் பையில் போட்டுக் கேட்டின் கம்பியில் கொழுவிவிட்டுப் போயிருந்தாள். மூடப்பட்ட வீட்டுக்கு இந்த ஒன்பது நாளும் சாப்பாடு இப்படித்தான் வந்தது. றிஸ்னா துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டு எடுக்கப் போனாள்.

சரீப் ஒழுங்கையின் முனையிலிருந்து வந்துகொண்டிருந்தார். குடையை மடித்திருந்தார். அவளைக் கண்டதும் நின்றார்.

அடுத்த வீட்டில் கையெழுத்து வைத்தார்களா என்று கேட்க நினைத்தாள். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"தொழ விடுவாங்களா சேர்? உண்மையா?"

"நான் நிண்டு பாப்பன் மகள். நாலு பேர்ல ஒராளா நானே நிப்பன்."

"குளிப்பாட்டமாட்டாங்க?"

"இல்ல. அதுக்கு விடமாட்டாங்க." அவர் தன் சப்பாத்தைப் பார்த்தார். "மண்ணத் தடவித் தயம்மும் செய்யவும் ஏலா. தொழுகை மட்டும்தான்."

றிஸ்னா வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். யன்னல் சாத்தியிருந்தது. கிணற்றடியில் முர்ஷித்தின் குரல், "இல்ல, இண்டைக்கு ரெண்டு மணிக்கு, இண்டைக்கு," என்று யாருக்கோ விளங்கப்படுத்திக்கொண்டிருந்தது. வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. கேட்டுக்கு மேலால் கையை நீட்டினாள். சரீப் அவளுடைய கையில் கிருமிநாசினி ஊற்றி, பிறகு பேனாவைத் தந்தார். விரல் வழுக்கியது. இறந்தவருக்கு என்ன உறவு என்று கேட்டிருந்த கோட்டில் 'மகள்' என்று எழுதினாள். அதற்குக் கீழே அச்சிட்டிருந்த வசனங்களை அவள் வாசிக்கவில்லை. தகனம் என்ற சொல் மட்டும் கண்ணில் பட்டது. அதற்குப் பக்கத்தில்தான் பெயரை எழுதினாள்.

சரீப் அடியிலிருந்த இளஞ்சிவப்புப் பிரதியைக் கிழித்துத் தந்தார். "இது குடும்பத்துக்கு."

"முர்ஷித் காக்காக்குச் சொல்லிராதீங்க. உம்மாக்கும்."

"நான் ஏன் மகள் சொல்ல."

பிரதியை நாலாக மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள். பாண் பையோடு உள்ளே வந்தபோது உம்மா, "ஆரோட கதைச்ச?" என்று கேட்டாள்.

"சுபைறா ராத்தாவோட."

பொய் சொல்வது இவ்வளவு இலேசாக இருந்தது அவளுக்கே பயமாக இருந்தது.

இரண்டு மணிக்கு உம்மா கட்டிலருகே தரையில் இருந்து யாஸீன் ஓதினாள். ஓதிக்கொண்டே இடைக்கிடை துணியின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். முர்ஷித் சுவர் மணிக்கூட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தான். பாணை எவரும் தொடவில்லை. மழை விட்டிருந்தது. பின்னேரம் இரண்டே முக்காலுக்கு றிஸ்னாவின் தொலைபேசி அடித்தது. தெரியாத இலக்கம்.

"றிஸ்னாவோ? நான் சிவரூபினி. உங்கட வாப்பா இருந்த வார்ட்டுல நேர்ஸ்." பெண்ணின் குரல் தாழ்வாக வந்தது. "நம்பர் அவர்தான் தந்தவர். அவர எனக்கு முதலே தெரியும். நான் வினாயகபுரம். எங்கட அப்பாட போட் இஞ்சினை ரெண்டு தரம் செய்து தந்தவர்."

றிஸ்னா தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுக் கட்டிலில் வைத்தாள். உம்மா ஓதுவதை நிறுத்தினாள்.

"விடிய நாலு மணிக்கெல்லாம் கதைச்சவர். தண்ணி கேட்டவர். பிறகு என்ர கையப் பிடிச்சிக்கொண்டு, எங்கட வீட்டுக்காரி சாப்பிடாம இருப்பா, ஒருக்கா எடுத்துக் கேளுங்க எண்டு சொன்னவர். நான் விடியட்டும் ஐயா எண்டு சொன்னனான். அதான் இப்ப எடுக்கிறன்."

உம்மா துப்பட்டாவின் முனையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். முர்ஷித்தான் குனிந்து கேட்டான். "கொண்டு போயிட்டாங்களா மிஸ்?"

"ஓம். இப்பதான் லொறி போகுது. நாலு பேர் வந்து நிண்டு தொழுதவங்க. நான் மேல் மாடி யன்னலால பாத்தனான். பெட்டிய இறக்கி வெச்சி, நல்லா நேரமெடுத்துத்தான் தொழுதவங்க. அதையும் உங்களுக்குச் சொல்லணும் எண்டு நினைச்சன்."

அழைப்பு முடிந்த பிறகும் மூவரும் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தொழுதிருக்காங்க," என்றாள் உம்மா. "கேட்டியா தம்பி? தொழுதிருக்காங்க."

"சைன் வெக்காட்டி விடமாட்டம் எண்டுதானே அந்தாள் சொன்ன?" முர்ஷித்தின் நெற்றி சுருங்கியது.

"மனுசன் விடாட்டி அல்லாஹ் விடுவான். நாங்க கை வெக்கவும் இல்ல, அவர் தொழுகையில்லாமப் போகவும் இல்ல." உம்மா அப்போதுதான் அழத் தொடங்கினாள். காலையிலிருந்து உள்ளே இறுகிக் கிடந்ததெல்லாம் உடைந்து வந்தது. அந்த அழுகையில் ஒரு நிம்மதியும் கலந்திருந்தது. றிஸ்னா அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். சட்டைக்குள் மடித்த தாள் விலா எலும்பில் குத்தியது. அசையாமல் இருந்தாள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு உம்மா கபன் துணியை மடித்தாள். மடித்ததை மடியில் வைத்துக்கொண்டு, "இத அடக்கணும்," என்றாள்.

முர்ஷித் விளங்காமல் பார்த்தான்.

"அவர அடக்க விடல்ல. இதையாச்சும் மண்ணுல வெக்கணும். பின்னறையில. நான் நாலு மாசம் பத்து நாள் இத்தா இரிக்கப் போற அறையில."

"உம்மா, வெறும் துணிய அடக்கிக் கபுறு கட்டுறதுக்கு மார்க்கத்தில இடமில்ல. ஆக்கள் என்ன கதைப்பாங்க? வீட்டுக்குள்ள கபுறு வெச்சிருக்காங்க எண்டு..."

"மார்க்கத்தில நெருப்புக்கு இடம் இரிக்கா?"

றிஸ்னா இருவருக்கும் நடுவில் இருந்தாள். சொல்லப்போவது தனக்காகத்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

"கபுறு வேணா காக்கா. ஒரு பெட்டி வெப்பம். இந்தப் புள்ளைக்கு." வயிற்றில் கையை வைத்தாள். "இதுக்கு மூத்தாப்பாவத் தெரியப் போறதில்ல. இப்ப நடந்தத நாளைக்கு ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரிக் கதைப்பாங்க. நாங்க எழுதி, வாப்பாட சாமானோட சேத்து மூடி வெப்பம். பதினெட்டு வயசானா எடுக்கட்டும்."

முர்ஷித் எழும்பிப்போய் அலவாங்கை எடுத்து வந்தான்.

பின்னறையின் மூலையில் சீமெந்துத் தரையைக் கொத்தத் தொடங்கியதும் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சுபைறாவின் குரல் வந்தது. "என்ன தம்பி இடிக்கிறிங்க?"

"எலிப் பொந்து ராத்தா!"

"இண்டைக்கா?"

அவன் தொடர்ந்து கொத்தினான். கல் இளகியதும் கையாலேயே மண்ணை அள்ளினான். மாரிகாலம். முழங்கை ஆழத்திலேயே மண் கறுத்து ஈரமாக வந்தது. அதற்கு மேல் போனால் தண்ணீர் ஊறும் என்று நிறுத்தினான்.

பெட்டி என்று ஒன்றும் வீட்டில் இல்லை. வாப்பா கிறீஸ் கலன்களைப் போட்டு வைத்திருந்த மூடியுள்ள பெயின்ட் வாளியைக் கழுவித் துடைத்தார்கள். உம்மா கபன் துணியைப் பொலித்தீனில் சுற்றி அடியில் வைத்தாள். அதற்கு மேல் என்ன வைப்பது என்று மூவருக்கும் சட்டென்று தெரியவில்லை. ஒரு மனிதனின் ஐம்பத்தெட்டு வயதை வாளிக்குள் வைக்கச் சொன்னால் எதை எடுப்பது? முர்ஷித் போய் வாப்பாவின் மூக்குக் கண்ணாடியைக் கொண்டுவந்தான். ஒரு கால் உடைந்து நைலோன் நூலால் சுற்றிக் கட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் அவசரத்தில் மறந்துவிட்டுப் போயிருந்தார். றிஸ்னா கொடியில் கிடந்த சாரனை எடுத்தாள். ஒன்பது நாளாக அதை எவரும் துவைக்கவில்லை. மண்ணெண்ணெயும் வியர்வையும் கலந்த மணம் அப்படியே இருந்தது.

"மணம் பதினெட்டு வருசத்துக்கு நிக்கா," என்றான் முர்ஷித்.

"நிக்கிற மட்டும் நிக்கட்டும்," என்றாள் உம்மா. சாரனை வாங்கி முகத்தில் வைத்து மூச்சை இழுத்தாள். திருப்பித் தருவதற்கு மனமில்லாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு தானே மடித்து உள்ளே வைத்தாள்.

எழுதும் வேலை றிஸ்னாவுக்கு. குசினி மேசையில் இருந்து பயிற்சிக் கொப்பியில் எழுதினாள். வாப்பாவின் முழுப் பெயர், அவர் பிறந்த வருசம், என்ன வேலை செய்தார், எந்த நாள் காய்ச்சல் வந்தது, எந்த நாள் அம்புலன்ஸ் வந்தது. சிவரூபினி சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதினாள். கேட்டில் நின்று சரீப் சொன்னதை எழுதினாள். உம்மா சொன்னதையும் எழுதினாள். அந்த இடத்தில் பேனா நின்றது. சற்று நேரத்துக்குப் பின் புதுப் பக்கத்தில் தொடங்கினாள்.

'நீ ஆணா பெண்ணா என்று எனக்கு இன்னும் தெரியாது. நான்தான் கையெழுத்து வைத்தேன். உன் மாமா வைக்கவில்லை, மூத்தம்மா வைக்கவில்லை. அவர் தொழுகையில்லாமல் போகக்கூடாது என்பதற்காக வைத்தேன். எரிக்கச் சம்மதம் என்று அந்தத் தாளில் எழுதியிருந்ததும் எனக்குத் தெரியும். செய்தது சரியா பிழையா என்று கேட்க இப்போது எனக்கு ஒருவரும் இல்லை. உன்னிடம் கேட்கிறேன்.'

இளஞ்சிவப்புப் பிரதியை அந்தப் பக்கத்துக்குள் வைத்து, கொப்பித் தாள்களை ஒன்றாக மடித்து, கடித உறைக்குள் போட்டாள். உறை சிறியது. பிரதியின் ஒரு முனை வெளியே நின்றது. அதை உள்ளே தள்ளுவதற்குள் முர்ஷித் கையை நீட்டினான்.

"தா, பொலித்தீன்ல சுத்துறன். ஈரம் பட்டா எழுத்து அழிஞ்சிரும்."

கொடுக்காமல் இருக்க வழியில்லை. கொடுத்தாள்.

அவன் உறையைப் பொலித்தீனில் வைத்துச் சுற்றத் தொடங்கினான். பாதியில் கை நின்றது. காலையில் மழைக்குள் அந்தப் படிவத்தை அவன்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றவன். வெள்ளைத் தாளுக்கு அடியில் எந்த நிறம் இருந்தது என்று அவனுக்குத் தெரியும். உம்மா வாசலில் இருந்து, "என்ன தம்பி?" என்றாள்.

"ஒண்டுமில்ல." அவன் வெளியே நின்ற முனையைப் பெருவிரலால் மெல்ல உள்ளே தள்ளினான். பொலித்தீனை இன்னொரு சுற்றுச் சுற்றி, சாரனின் மடிப்புக்குள் ஆழமாக வைத்தான். மூடியின் விளிம்பைச் சுற்றி வாப்பாவின் கேஸ்கட் பசையைத் தடவினான். ஒரு இடம் விடாமல், இருமுறை. பிறகு முழங்காலை ஊன்றி, உடல் பாரம் முழுவதையும் கொடுத்து மூடியை அழுத்தினான்.

நிமிராமலே கேட்டான். "பதினெட்டு வருசம் மூடி வெச்சாக் காணுமா?"

கேள்வி தனக்குத்தான் என்று றிஸ்னாவுக்கு விளங்கியது. ஆனால் உம்மா முந்திக்கொண்டாள்.

"அது காணும். அதுக்கு மேல இருந்து பாக்க நான் எங்க இரிக்கப் போறன்?"

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. முர்ஷித் வாளியைக் குழிக்குள் இறக்கினான். மூவரும் ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டார்கள். மூன்று பிடி என்று எவரும் சொல்லவில்லை, கை அப்படித்தான் பழகியிருந்தது. மூன்றாவது பிடிக்குப் பிறகு முர்ஷித், "காணும் உம்மா," என்று மம்பட்டியை எடுத்து மீதியைத் தள்ளினான். வீட்டில் கிடந்த அரைப் பை சீமெந்தைக் குழைத்துப் பூசி, சாந்தகப்பை இல்லாததால் பழைய பீங்கானின் அடியால் மட்டப்படுத்தினான்.

மஃரிபுக்குப் பாங்கு சொன்னபோது மின்சாரம் வந்து போய்க்கொண்டிருந்தது. பள்ளிக்குப் போக முடியாததால் இந்த ஒன்பது நாளும் போல முர்ஷித்தான் தொழுவிக்க நின்றான். பின்னறையிலேயே தொழுவதென்று ஆயிற்று. உம்மா பாயை விரித்தாள். விரித்த பிறகுதான் கவனித்தாள், தொழும் திசையான கிப்லாவை நோக்கி நின்றால் பூசிய இடம் நேர் முன்னால் வந்தது. கபுறுக்கு நேரே தொழக்கூடாதென்று பாயைத் தூக்கி, இரண்டு முழம் தள்ளிப் போட்டாள். முர்ஷித்தும் தன் பாயை அதற்கு நேர் முன்னால் இழுத்துக்கொண்டான். றிஸ்னாவுக்குக் கதிரை.

முர்ஷித் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கினான். ஓதும்போது அவனுடைய குரல் நேற்றையதைப் போலவே தெளிவாக இருந்தது. முதல் ரக்அத் முடிந்தது, இரண்டாவது முடிந்தது. மூன்றாவதில் ஸுஜூதுக்குப் போனார்கள். உம்மாவின் நெற்றி பாயைத் தொட்டது. றிஸ்னா கதிரையில் இருந்தபடி வயிறு இடிக்குமட்டும் குனிந்தாள். ஸுப்ஹான றப்பியல் அஃலா என்று மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவை சொல்லிய பிறகும் எழும்புவதற்கான தக்பீர் வரவில்லை. இன்னும் மூன்று தடவை சொன்னாள். வெளியே ஒழுங்கையில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். முன்னால் முர்ஷித்தின் முதுகு தரையோடு கிடந்தது. உம்மாவும் அவளும் எழும்பாமல், அவனுடைய குரலுக்காகக் காத்திருந்தார்கள்.